பூட்ட மறந்தாரா, பூட்டியதை மறந்தாரா?

மொழிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் முன்கோள் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஒரு வாக்கியம் எதை வெளிப்படையாகச் சொல்லாமல், ஏற்கெனவே உள்ளதாக, ஏற்கெனவே நடந்ததாக எடுத்துக்கொண்டு பேசுகிறதோ அதற்கு மொழியியலில் பிரீசப்பொசிஷன் என்று பெயர். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் முன்கோள் என்று சொல்லியே பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அந்தப் பத்திக்கு வந்த கடிதங்களில் ஏழு கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: எம்.ஏ. மொழியியல் முதலாண்டு படிக்கிறேன். முன்கோளில் ஆறு வகை என்று பாடத்தில் இருக்கிறது. தேர்வில் பத்து வாக்கியம் கொடுத்து வகையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பட்டியல் மனப்பாடம். ஆனால் வாக்கியத்தைப் பார்த்ததும் குழம்பிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்? (மாணவி, காரைக்குடி)

பதில்: நேரே வகையைத் தேடுகிறீர்கள், அதுதான் தவறு. முதலில் முன்கோள் இன்னது என்று ஒரு முழு வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். அப்புறம் மூல வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள், கேள்வியாக்கிப் பாருங்கள். இரண்டிலும் அசையாமல் நின்றால் நீங்கள் எழுதியது முன்கோள். அது எந்தச் சொல்லிலிருந்து, எந்த விகுதியிலிருந்து வந்தது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அதற்குப் பிறகு வகைக்குப் பெயர் வைப்பது ஒரு நிமிஷ வேலை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மதுரையில் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலியில் பஸ் ஏறினோம். கயத்தாறு வரும்போது என் கணவர் திடுக்கிட்டு, "பின்வாசலைப் பூட்ட மறந்துட்டேன்" என்றார். இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினோம். பின்வாசலில் பூட்டு கனகச்சிதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பூட்டினதை மறந்துட்டேன்."

அந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்த வாரமே கரும்பலகையில் எழுதினேன். "பூட்ட மறந்தார்" என்றால் கதவு பூட்டப்படவில்லை. "பூட்டியதை மறந்தார்" என்றால் பூட்டப்பட்டிருக்கிறது. சரி, இவை இரண்டுமே முன்கோளா? எதிர்மறையாக்குங்கள். "பூட்டியதை மறக்கவில்லை": அப்போதும் கதவு பூட்டியே இருக்கிறது. அசையவில்லை, ஆகவே முன்கோள். "பூட்ட மறக்கவில்லை": இப்போது கதவு பூட்டப்பட்டுவிட்டது! செய்தி தலைகீழாகிவிட்டதால் பூட்டாமல் விட்டது முன்கோள் ஆகாது. அது வாக்கியம் நேராகச் சொல்லும் செய்தியிலிருந்து கிடைக்கும் முடிவு. அங்கே அசையாமல் நிற்பது வேறொன்று: பூட்ட வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கதவைப் பூட்டவில்லை என்பதற்காக, அவர் பூட்ட மறந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, இரண்டாவது வாக்கியத்தில் இருப்பது உண்மைசார் முன்கோள், அதாவது ஒன்று நடந்தது உண்மை என்று எடுத்துக்கொள்வது. முதல் வாக்கியத்தில் இருப்பது சொல்சார் முன்கோள், அதாவது ஒரு சொல்லின் பொருளோடு ஒட்டி வருவது. ஒரே வினைதான், மறந்தார். முன்னால் எச்சம் வருகிறதா, இரண்டாம் வேற்றுமை ஏற்ற தொழிற்பெயர் வருகிறதா என்பதைப் பொறுத்து வகை மாறுகிறது. சொல்லை மட்டும் பார்த்து வகை சொல்லக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

உங்கள் ஆறு வகைப் பட்டியல் ஜார்ஜ் யூல் 1996-ல் எழுதிய சின்னப் புத்தகத்திலிருந்து வந்தது. இருப்பு, உண்மை, சொல், அமைப்பு ஆகிய நான்கும் உறுதியானவை. தமிழில் அவற்றைப் பிடிக்க ஒரு வாக்கியம் தருகிறேன்: "உங்கள் தம்பி மறுபடியும் கடன் வாங்கியது அம்மாவுக்கு எப்போது தெரிந்தது?" உங்களுக்குத் தம்பி உண்டு: இருப்பு. முன்பும் கடன் வாங்கியிருக்கிறார்: "மறுபடியும்" என்ற சொல். இப்போது வாங்கியது நடந்த விஷயம்: "வாங்கியது தெரிந்தது" என்பதிலிருந்து உண்மை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது: "எப்போது" என்று கேட்ட அமைப்பு. நான்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. தேர்வில் ஒன்றுதான் கேட்பார்கள். எதற்குக் கோடு போட்டிருக்கிறார்களோ அதைச் சொல்லுங்கள்.

அமைப்பு வகையைத் தமிழில் நன்றாகப் பார்க்க வேண்டுமானால் கொய்யா மரத்தடிக்குப் போங்கள். "அணில் பழத்தைத் தின்னவில்லை" என்றால் பழம் முழுசாகவே இருக்கலாம். "பழத்தைத் தின்றது அணில் இல்லை" என்றால் யாரோ தின்றுவிட்டார்கள். "நேற்று வந்தாரா?" என்றால் வந்தாரா என்பதே தெரியாது. "நேற்றா வந்தார்?" என்றால் வந்தது உறுதி, நாள்தான் சந்தேகம். "ஆ" என்ற ஓர் எழுத்து இடம் மாறியதில் எவ்வளவு நடந்துவிடுகிறது பாருங்கள்.

உண்மை வகைக்கு உங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் வினைச்சொற்களின் பட்டியல் மட்டும்தான் இருக்கும். பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் 1970-ல் பிரித்துக்காட்டிய வினைகள் அவை. தமிழில் விகுதியையும் பார்க்க வேண்டும். "கடிதம் வந்ததைச் சொல்லவில்லை" என்றால் கடிதம் வந்திருக்கிறது, அவர் மறைத்துவிட்டார். "கடிதம் வந்தது என்று சொல்லவில்லை" என்றால் வந்ததா இல்லையா என்றே தெரியாது. "கடிதம் வந்ததாகச் சொன்னார்" என்றால் அது அவர் சொன்னது, நான் பொறுப்பில்லை. வினை ஒன்றே: சொல். வந்ததை, வந்தது என்று, வந்ததாக. இந்த மூன்றையும் காதால் பழகிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஐந்தாவது, உண்மையல்லாத வகை. "வீடு வாங்கியதாகக் கனவு கண்டார்" போன்றவை, வீடு வாங்கவில்லை என்பது இங்கே முன்கோளாம். தேர்வுக்கு எழுதிவிடுங்கள். என் கருத்தில் இது முன்கோள் இல்லாத இடத்துக்கு வைத்த பெயர். ஆறு என்ற எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்கோளை எழுப்பும் சொற்கள், அமைப்புகள் என்று மொழியியலாளர் லாரி கார்ட்டுனென் தொகுத்தவை 31 வகை என்று 1983-ல் ஸ்டீபன் லெவின்சன் தன் நூலில் குறித்திருக்கிறார்.

கேள்வி: "கிளம்பியிருந்தால்" என்று சொன்னால் கிளம்பவில்லை என்பது முன்கோள் என்று எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவன். "வைகை நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் விழுப்புரம் தாண்டியிருக்கும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கிளம்பியதா இல்லையா என்று தெரியாமல்தான் சொல்வோம். (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் சொல்வது சரி, நான் எழுதியது தவறு. பட்டியலின் ஆறாவது வகையை, அதாவது நடந்ததற்கு எதிரான முன்கோளை, யோசிக்காமல் தமிழில் போட்டுவிட்டேன். "நேற்று மழை பெய்திருந்தால் விதைத்திருப்பேன்" என்று விவசாயி சொன்னால் மழை பெய்யவில்லை என்று புரிகிறது. அதற்குக் காரணம், நேற்று பெய்ததா என்பது அவருக்கு நிச்சயம் தெரியும் என்று நமக்குத் தெரிவதுதான். "இருந்தால்" தனியாக அந்த வேலையைச் செய்வதில்லை. உங்கள் வைகை வாக்கியம் அதற்குக் கச்சிதமான சான்று.

ஆங்கிலத்திலேயே இந்தச் சந்தேகத்தை 1951-ல் ஆலன் ராஸ் ஆண்டர்சன் என்ற தர்க்கவியலாளர் கிளப்பிவிட்டார். ஒருவர் ஆர்சனிக் சாப்பிட்டிருந்தால் இப்போது அவரிடம் காணும் இதே அறிகுறிகள்தான் தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். அவர் ஆர்சனிக் சாப்பிடவில்லை என்றா சொல்கிறார்? சாப்பிட்டிருப்பார் என்ற பக்கமே சாய்கிறார். காரைக்குடி மாணவிக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்: தேர்வில் ஆறாவது வகையை எழுதுங்கள், கூடவே வைகை வாக்கியத்தையும் எழுதுங்கள்.

கேள்வி: எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் "பிரான்ஸ் நாட்டின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர்" என்ற வாக்கியம் வருகிறதே, ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: பெர்ட்ரண்ட் ரசல் 1905-ல் எழுதிய கட்டுரையால். அப்போது பிரான்ஸ் குடியரசு, அரசரே கிடையாது. ஆகவே வாக்கியம் பொய், அவ்வளவுதான் என்றார் ரசல். 1950-ல் ஸ்ட்ராசன் என்ற தத்துவ அறிஞர் மறுத்தார்: யாராவது இதை உங்களிடம் சொன்னால் "பொய்" என்றா சொல்வீர்கள்? "அங்கே அரசரே இல்லையே" என்றுதான் சொல்வீர்கள். அரசர் இருப்பது வாக்கியத்தின் முன்கோள். அது இல்லாதபோது மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழுவதில்லை.

ஆனால் விஷயம் அதற்கும் முந்தியது. 1892-ல் ஜெர்மனியில் ஃபிரெகே என்ற தர்க்கவியலாளர் எடுத்துக்கொண்ட உதாரணம் வானியலாளர் கெப்ளர். "கெப்ளர் துன்பத்தில் இறந்தார்." இதை மறுக்கிறவரும் "கெப்ளர் துன்பத்தில் இறக்கவில்லை" என்பார். இருவருமே கெப்ளர் என்று ஒருவர் இருந்தார் என்பதை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். மேலே நான் சொன்ன எதிர்மறைச் சோதனையின் வேர் இங்கே இருக்கிறது. நான் வகுப்பில் வழுக்கை அரசரை விட்டுவிட்டுக் கெப்ளரில்தான் தொடங்குவேன். இருந்த மனிதர் ஒருவரை வைத்துப் பாடம் தொடங்குவது மாணவர்களுக்கு எளிதாக இருந்தது.

கேள்வி: ஜூனியர் வழக்கறிஞராக இருக்கிறேன். நாங்கள் லீடிங் கொஸ்டின் என்று சொல்வதும் முன்கோளும் ஒன்றுதானா? (வழக்கறிஞர், திண்டுக்கல்)

பதில்: ஒன்றல்ல, ஆனால் உறவு உண்டு. எந்தப் பதிலை விரும்புகிறோமோ அல்லது எதிர்பார்க்கிறோமோ அதைக் கேள்வியிலேயே எடுத்துக்கொடுப்பது உங்கள் லீடிங் கொஸ்டின். 1872 சாட்சியச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு அப்படித்தான் வரையறுத்தது. இப்போது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தில் அது 146-ஆம் பிரிவு. "அவர் கையில் கத்தி இருந்ததுதானே?" என்பது அந்த ரகம். சாட்சி "இல்லை" என்றால் தீர்ந்தது. "கத்தியை எந்தக் கையில் வைத்திருந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். இடது, வலது என்று எதைச் சொன்னாலும் கத்தி இருந்ததாகிவிடும். "தெரியவில்லை" என்றால்கூடக் கத்தி போகாது. முன்கோள் செய்யும் வேலை இது. எனக்குப் பயமாக இருப்பதும் இந்த இரண்டாவது ரகம்தான்.

பயத்துக்குக் காரணம் உண்டு. எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975-ல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று. மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துக் காட்சியைக் காட்டினார்கள். ஒரு பாதிப் பேரிடம், கிராமத்துச் சாலையில் களஞ்சியத்தைக் கடந்து போனபோது வெள்ளைக் கார் எவ்வளவு வேகத்தில் போனது என்று கேட்டார்கள். மறுபாதியிடம் களஞ்சியம் என்ற சொல் இல்லாமல் வேகத்தை மட்டும் கேட்டார்கள். காட்சியில் களஞ்சியமே கிடையாது. ஒரு வாரம் கழித்து, களஞ்சியத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் பாதியில் 17.3 சதவீதம் பேர் பார்த்தோம் என்றார்கள். மறுபாதியில் 2.7 சதவீதம். "கடந்து போனபோது" என்ற துணைத் தொடருக்குள் உட்கார்ந்திருந்த முன்கோள் ஞாபகத்துக்குள் நுழைந்துவிட்டது.

தமிழில் சாட்சி சொல்பவர்களிடம் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஐ உருபு. "உடைந்த விளக்கு ஏதாவது பார்த்தீர்களா?" என்று கேட்டால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "உடைந்த விளக்கைப் பார்த்தீர்களா?" என்றால் உடைந்த விளக்கு ஒன்று இருந்தது என்று முடிவுகட்டிக் கேட்கிறீர்கள். ஆங்கிலத்தில் வாக்குமூலத்தை மொழிபெயர்க்கும்போது இந்த ஐ காணாமல் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்துகிறேன். இதெல்லாம் ஐரோப்பியர் கண்டுபிடித்ததுதானா? நம் இலக்கணங்களில் இந்தச் சிந்தனை இல்லையா? (தமிழாசிரியை, கோவில்பட்டி)

பதில்: முன்கோள் என்று தனியாக ஒரு கோட்பாடு நம்மிடம் இல்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் முன்கோளை எழுப்பும் உறுப்புகளை நம் இலக்கணிகள் பிரமாதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்களே வருஷா வருஷம் நடத்துவது: உம்மை எட்டு வகைப்படும். தொல்காப்பியம் இடையியலிலும் எட்டு, நன்னூலிலும் எட்டு. அதில் எச்சவும்மை என்ன? "சாத்தனும் வந்தான்" என்றால் வேறு யாரோ வந்ததைத் தழுவி நிற்கிறது. முன்னால் நடந்ததைத் தழுவினால் இறந்தது தழீஇய எச்சவும்மை. கேள்வியாக்குங்கள். "சாத்தனும் வந்தானா?" என்று கேட்டாலும் வேறொருவர் வந்தது அப்படியே நிற்கிறது. ஆங்கில நூல்களில் இதே பொருளுள்ள சொல்லை முன்கோளின் தூண்டி என்று தனியாக எடுத்துப் பேசுகிறார்கள். "தழீஇய" என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு வருகிறது. வாக்கியம் தன்னில் இல்லாத ஒன்றை அணைத்துக்கொண்டு நிற்கிறது.

அடுத்தது சிறப்பும்மை. "குறவரும் மருளும் குன்றத்து" என்ற மலைபடுகடாம் தொடரை உதாரணம் சொல்வோம். மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவரே வழி தெரியாமல் மயங்குகிறார்கள் என்றால் மற்றவர் பாடு என்ன? மயங்குவதற்கு எல்லாரிலும் வாய்ப்புக் குறைந்தவர் குறவர் என்பது அந்த உம்மை எடுத்துக்கொள்ளும் செய்தி. அதைப் பாட்டு எங்கும் சொல்லவில்லை.

அப்புறம் வினா வழு. "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்கிறது தொல்காப்பியம். விடையும் வினாவும் பிழைபடாமல் காத்துக்கொள் என்று பொருள். ஒரே ஒரு விரலைக் காட்டிச் "சிறியதோ, பெரியதோ?" என்று கேட்பது வினா வழு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது இல்லையா? ஏன் வழு? இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை. சிறிது பெரிது என்றால் ஒப்பிட இன்னொன்று வேண்டும். கேள்வி எடுத்துக்கொண்டது அங்கே இல்லை. வழுக்கை அரசர் வாக்கியத்தில் நடந்ததும் இதுதான். அடுத்த முறை இந்தப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளையே ஏன் வழு என்று கேளுங்கள். விதியை ஒப்பிக்காமல் அவர்களே காரணம் கண்டுபிடிக்கட்டும்.

நாம், நாங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். "நாம் எப்போது கிளம்புகிறோம்?" என்று கேட்டவர் நீங்களும் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

கேள்வி: அருத்தாபத்தி என்று தத்துவத்தில் சொல்வதும் முன்கோளும் ஒன்றா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. தேவதத்தன் பருத்திருக்கிறான், பகலில் சாப்பிடுவதில்லை. ஆகவே இரவில் சாப்பிடுகிறான் என்று மீமாம்சகர்கள் சொல்லும் உதாரணத்தில் நாம் இரண்டு செய்தியைச் சேர்த்து மூன்றாவதைக் கண்டுபிடிக்கிறோம். முன்கோளில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. பேசுகிறவர் அதை வைத்துக்கொண்டுதான் வாயையே திறக்கிறார். இன்னொரு வித்தியாசம்: பருத்திருக்கவில்லை என்று மறுத்தால் இரவுச் சாப்பாடும் போய்விடும்.

கேள்வி: நான் மொழியியல் படித்தவள் இல்லை. கல்யாணமாகி நாலு வருஷம். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்று சொன்னாலும் மனசு உறுத்துகிறது. உங்கள் பத்தியைப் படித்ததும், உறுத்துவது அந்த "இன்னும்" என்ற சொல்தானோ என்று தோன்றியது. (வாசகி, தேனி)

பதில்: அதுவேதான். நீங்கள் சரியாகக் கோடு போட்டுவிட்டீர்கள். "விசேஷம் உண்டா?" என்று கேட்டால் அது வெறும் விசாரிப்பு. "இன்னும்" சேர்ந்ததும், இதற்குள் நடந்திருக்க வேண்டும், ஒரு கெடு தாண்டிவிட்டது என்பது கேள்விக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் "இல்லை" என்று சொல்வது கேள்விக்குத்தான். கெடுவை நீங்கள் மறுக்கவில்லை. கேள்விக்கு ஆம் சொன்னாலும் இல்லை சொன்னாலும் முன்கோள் நிற்கும் என்று மேலே எழுதினேனே, அது உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. நாம் சும்மா இருந்துவிட்டால் எதிராளி எடுத்துக்கொண்டதை நாமும் ஒப்புக்கொண்டதாக உரையாடல் நகர்ந்துவிடும் என்று டேவிட் லூயிஸ் என்ற தத்துவ அறிஞர் 1979-ல் எழுதினார்.

முன்கோளை மறுக்க வேண்டுமானால் பேச்சை ஒரு நொடி நிறுத்த வேண்டும். "இருங்க, நாங்க ஒண்ணும் நாள் குறிக்கலையே" என்று சொல்லலாம். எது முன்கோள் என்று கண்டுபிடிக்க மொழியியலாளர்கள் பயன்படுத்தும் சோதனைகளில் இதுவும் ஒன்று: "ஒரு நிமிஷம், அது எனக்குத் தெரியாதே" என்று இடைமறிக்கத் தோன்றினால் அங்கே முன்கோள் இருக்கிறது. பெரியவர்களிடம் அப்படி இடைமறிக்க நமக்குக் கூச்சம். மரியாதைக் குறைவாகப் படும். மெதுவாக, சிரித்த முகமாகச் சொன்னால் குறைவு ஒன்றும் வராது.

என்னிடம் படித்த ஒரு பெண் ஆசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். "கல்யாணம் ஆனதும் வேலையை எப்போது விடுவீர்கள், வருஷ நடுவிலா, வருஷ முடிவிலா?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் விடுவதாக ஆகிவிடும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடுவேன் என்று நான் சொல்லவில்லையே, ஐயா" என்றாளாம். எதிரே இருந்தவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். அடுத்த கேள்வி பாடத்தைப் பற்றி வந்தது.